மோட்டோசாக்கு ஃபுஜினாகா

மோட்டோசாக்கு ஃபுஜினாகா (1903 - 1973) ஜப்பானைச் சேர்ந்த மீன்வள உயிரியலாளர் ஆவார். கடல் இறாலை முட்டையிலிருந்து சந்தை அளவு வரை வளர்க்கும் முறையை வகுத்தமையால் இறால் வளர்ப்பின் தந்தை எனப் போற்றப்படுகிறார். இவரது பழைய ஆய்வுரைகளில் பெயர் ஹுடினாகா எனக் காணப்படும். இரண்டும் ஒருவரையே குறிக்கும்.

ஆய்வுகள்

டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் பயின்ற இவர், 1934 இல் குரூமா இறாலைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்க வைத்தார். சுருண்டிருக்கையில் இதன் வரிகள் சக்கரத்தின் ஆரங்கள் போலத் தோன்றும். குரூமா என்னும் ஜப்பானியச் சொல்லுக்குச் சக்கரம் என்பது பொருள்.

பொரிக்க வைப்பதைவிடக் குஞ்சைப் பிழைக்க வைப்பதே கடினமாக இருந்தது. முதற்பருவமான நாப்ளியஸ் தன் மஞ்சட்கருவைக் கொண்டே வாழும். அதற்குத் தீனி வேண்டியதில்லை. ஓரிரு நாளில் சோயியாப் பருவம் எய்தியதும் மஞ்சட்கரு தீர்ந்துவிடும். அப்போது நீரை வடிகட்டி உண்ணக்கூடிய நுண்ணிய உணவு உடனே கிடைக்காவிடில் தொட்டி முழுதும் மடியும். ஸ்கெலிட்டோனீமா என்னும் டயட்டம் பாசியைத் தனியே வளர்த்து ஊட்டியதன் மூலம் ஃபுஜினாகா இத்தடையைக் கடந்தார். இறாலின் வளர்ச்சிப் பருவங்களையும் வளர்ப்பு முறையையும் விரிவாகக் கூறும் இவரது ஆய்வுரை 1942 இல், போர்க்காலத்தில் வெளிவந்தது.

வணிக வளர்ப்பு

போருக்குப் பின் அரசு மீன்வளத் துறையில் பணியாற்றினார். பின்னர் செட்டோ உள்நாட்டுக் கடற்கரையின் பழைய உப்பளங்களில் வணிக வளர்ப்பைத் தொடங்கினார். பாசியைத் தனியே வளர்ப்பது செலவு மிக்கது. ஆகவே 1960களில், பெரிய தொட்டியின் நீரில் உரமிட்டு, குஞ்சுகள் இருக்கும் இடத்திலேயே பாசியைப் பெருக்கும் முறையை உருவாக்கினார். எளிய முறைதான், ஆனால் வெயிலை நம்பியது. வானம் மூடிக்கிடந்தால் பாசி பெருகாது, குஞ்சுகள் பட்டினி கிடக்கும். வளர்ந்த குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியாவும் மட்டிச் சதையும் அளிக்கப்பட்டன.

பிற்கால வளர்ச்சி

இவரிடம் பயின்ற தைவானின் லியாவோ ஐ-சியு 1968 இல் கருப்பு வரி இறாலில் இதே வெற்றியைக் கண்டார். பாசி குறையும் நாட்களுக்கென 1970களில் ஜப்பானியப் பொரிப்பகங்கள் சோயாப் புண்ணாக்குத் துகளைப் பயன்படுத்தின. இறால் தன் உடலில் கொலஸ்டிராலை உருவாக்க இயலாதது என்பதைக் ககோஷிமாவின் அக்கியோ கனசாவாவும் அவர் குழுவினரும் நிறுவினர். அதன்பின் கொலஸ்டிரால், கடல்மீன் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சேர்த்த நுண்துகள் தீனிகள் உருவாயின. எனினும் சோயியாவின் முதல் உணவாகப் பொரிப்பகங்கள் இன்றும் பெரும்பாலும் பாசியையே அளிக்கின்றன.