இரத்தக் கட்டியின் மூலத்தைத் தேடியவர்

ருடால்ஃப் விர்ச்சோ 1821-இல் பிரஷ்யாவின் பொமரேனியாவில் பிறந்தார். 1843-இல் பெர்லினில் மருத்துவப் பட்டம் பெற்று, சாரிட்டே மருத்துவமனையில் பிணக்கூறாய்வுப் பணியில் சேர்ந்தார். நுரையீரல் தமனியை அடைக்கும் இரத்தக் கட்டி அங்கேயே தோன்றுவதாக அன்று பலர் கருதினர். அது கால் சிரைகளில் உருவாகி, பெயர்ந்து, ஓட்டத்தோடு வந்து சேர்வது என்பதை விலங்குச் சோதனைகளாலும் அவர் நிறுவினார். திராம்போசிஸ், எம்பாலிசம் என்ற சொற்கள் அவர் தந்தவை.

1848-இல் மேல் சைலீசியாவில் டைஃபஸ் பரவியபோது அரசு அவரை ஆய்வுக்கு அனுப்பியது. வறுமையும் கல்வியின்மையும் அரசின் அலட்சியமுமே நோயின் வேர்கள் என்று அறிக்கை எழுதினார். வரிச் சீர்திருத்தமும் கோரினார். அதே ஆண்டின் புரட்சியில் பங்கேற்றதால் அரசின் சினத்துக்கு ஆளாகி, 1849-இல் வூர்ஸ்பர்க் சென்றார். 1856-இல் பெர்லின் திரும்பினார். பின்னர் நகர்மன்ற உறுப்பினராகப் புதைசாக்கடைத் திட்டத்துக்கு உழைத்தார். நாடாளுமன்றத்தில் பிஸ்மார்க்கை எதிர்த்தார். கிருமிக் கொள்கையை ஏற்கத் தயங்கியது அவரது குறை. 1902-இல் டிராம் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மறைந்தார்.

ஓட்டத்தின் தேக்கம், நாளச்சுவரின் சேதம், இரத்தத்தின் இயல்பு மாற்றம் ஆகிய மூன்றும் உறைவுக்குக் காரணம் என்பதைப் பிற்காலத்தார் அவர் பெயராலேயே வழங்குகின்றனர். தமனித் தடிப்பு வெறும் கொழுப்புப் படிவன்று, சுவரின் அழற்சியும் ஆகும் என்றும் அவர் கண்டார்.

இப்பார்வை இன்றும் பயன்படுகிறது. ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே நாளச்சுவரையும் இரத்தத்தையும் உறைவுக்குத் தூண்டுகிறது. இளம் வயதிலேயே பக்கவாதம் வரலாம், கருவும் கலையலாம். வார்ஃபரின் போன்ற உறைவெதிர் மருந்துகளே சிகிச்சையின் அடிப்படை. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின்களோ சுவரின் அழற்சியையும் தணிக்கின்றன. ஏறத்தாழ 17,800 பேரைக் கொண்ட ஜூபிட்டர் ஆய்வில், ரோசுவாஸ்டேட்டின் உட்கொண்டோருக்குச் சிரை உறைவு 43 விழுக்காடு குறைந்தது. ஆனால் அவர்கள் இந்நோயாளிகள் அல்லர். இந்நோயாளிகளிடம் நடந்தவை சிறு ஆய்வுகளே. இரத்தத்தில் அழற்சிக் குறியீடுகள் குறைந்ததை அவை காட்டின, உறைவு தடுக்கப்பட்டதை அல்ல. எனவே வார்ஃபரினை நிறுத்திவிட்டு ஸ்டேட்டினை நம்புவது ஆபத்து.

ஸ்டேட்டின்களின் காப்புரிமை முடிந்துவிட்டது, விலையும் மலிவு. அரிதான நோய்க்காகப் பெரிய ஆய்வு நடத்த நிறுவனங்களுக்கு இலாப நோக்கம் இல்லை. சந்தை தவறும் இவ்விடத்தில் பொதுநிதியே முன்வர வேண்டும். மக்களின் நலத்தை அரசின் கடமையாகக் கண்ட விர்ச்சோவின் வாழ்க்கை சொல்வதும் இதுவே.