மரக்கால் வீரர் ஜார்ஜ் ஐஸர்

தேகபலம் என்பது குறைவற்ற அங்கங்களை உடையோருக்கே உரிய சொத்தென்று பலர் எண்ணுகின்றனர். அமெரிக்க தேகப்பயிற்சி வீரர் ஜார்ஜ் ஐஸரின் சரித்திரம் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகிறது.

1870-ல் ஜெர்மனியிலுள்ள கீல் நகரத்தருகே பிறந்த இவர், 14-ம் வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறினார். 1894-ல் அந்நாட்டுப் பிரஜையானார். இடது காலை இழந்து, மரக்கால் பூட்டிக்கொண்டார். ரயில் ஏறியதால் நேர்ந்த விபத்தென்பர். ஸெயின்ட் லூயி நகரில், கட்டிட நிர்மாணக் கம்பெனியொன்றில் கணக்கெழுதுவதே அவரது ஜீவனோபாயம்.

நெப்போலியனுக்குப் பணிந்து கிடந்த பிரஷ்யாவில், 1811-ல், யான் என்ற ஆசிரியர் பெர்லின் நகரில் தேகப்பயிற்சி இயக்கமொன்றைத் துவக்கினார். தேசம் நிமிர வேண்டுமாயின் இளைஞரின் தேகம் முதலில் நிமிர வேண்டுமென்பது அவர் கருத்து. அவ்வழி வந்த சங்கங்களை ஜெர்மானியர் தாம் குடியேறிய ஊர்களிலும் நிறுவினர். அவற்றுள் ஒன்றாகிய கன்கார்டியா சங்கத்தில் ஐஸர் பயின்றார்.

1904-ல் ஒலிம்பிக் பந்தயங்கள் ஸெயின்ட் லூயியிலேயே நடைபெற்றன. ஜூலை மாதத்துப் போட்டியில் ஓட்டமும் நீளத் தாண்டலும் சேர்ந்திருந்தன. மரக்கால் அங்கே பெரும் பாரமாயிற்று. ஐஸர் மிகவும் பின்தங்கினார். வேறொருவராயின் அத்துடன் ஒதுங்கியிருப்பார். அக்டோபர் 29-ந் தேதி அவர் மீண்டும் களம் புகுந்தார். இம்முறை கைவலிமையும் உடற்கட்டுமே பிரதானம். 25 அடிக் கயிற்றை ஏழே விநாடியில் ஏறினார். பாரலல் பாரிலும் முதல்வரானார். மரக்குதிரை தாண்டுதலில் ஆன்டன் ஹைடாவுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஒரே தினத்தில் மூன்று தங்கம், இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம் ஆக ஆறு பதக்கங்கள் அவருக்குக் கிட்டின.

அவ்வாண்டுப் போட்டியாளர் பெரும்பாலும் அமெரிக்கரே என்று குறை கூறுவோர் உண்டு. அது மெய்யே. ஆயினும் அவர் தோற்கடித்தோர் அனைவரும் இரு காலும் உடையோர் என்பதை மறக்கலாகாது. அங்கம் இழந்தோர்க்கென உலகப் பந்தயம் அந்நாளில் பிறந்திருக்கவில்லை. ஐஸருக்குத் தனிக் களமும் இல்லை, சலுகையும் இல்லை.

1908-ல் தம் சங்கத்தாருடன் ஜெர்மனி சென்று, பிராங்க்பர்ட் நகரப் போட்டியிலும் வெற்றி கண்டார். 1919-ல் டென்வர் நகரில் காலமானார்.

ஜூலையிலும் அக்டோபரிலும் அவருக்கிருந்தது அதே மரக்கால்தான். ஒரு களத்துத் தோல்வியைக் கொண்டு மனிதனை அளந்துவிடுவது எத்துணைப் பேதைமை!