வானுக்குக் கண் திறந்த வைணு பாப்பு

ஞாயிறும் அதனைச் சுற்றிவரும் கோள்களும் எவ்வாறு தோன்றின? இவ்வினாவுக்கு விடை காண அறிஞர் உலகம் நெடுங்காலமாக முயன்று வந்துள்ளது. 1755-ஆம் ஆண்டில் செருமானிய மெய்யறிஞர் காண்ட்டும், 1796-இல் பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாசும், சுழலும் முகிலொன்று திரண்டு நடுவில் ஞாயிறாகவும் புறத்தே கோள்களாகவும் ஆயிற்று என்று கருதினர். ஆயின் அக்கொள்கைக்கு ஓர் இடர்ப்பாடு எழுந்தது. மொத்தப் பொருளில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் தன்னிடம் கொண்ட ஞாயிறு மெதுவாகவே சுழல்கிறது. சுழற்சியின் பெரும்பங்கோ கோள்களிடம் உள்ளது. ஆகவே, அருகே கடந்து சென்ற வேறொரு விண்மீன் ஞாயிற்றின் பொருளை ஈர்த்து இழுத்ததால்தான் கோள்கள் பிறந்தன என்றார் ஆங்கில அறிஞர் ஜீன்சு. அவ்வாறு இழுக்கப்பட்ட வெம்மைமிகு ஆவி திரளாது சிதறிப்போகும் என்று 1939-இல் ஸ்பிட்சர் காட்டியதும் அக்கொள்கை தளர்ந்தது.

கொள்கையை ஆக்குவது அறிவு. அது நிலைக்குமா என்று தீர்ப்பளிப்பது கண். வானை நோக்கும் அத்தகைய கண்ணை நம் நாட்டுக்கு ஆக்கித் தந்த பெருமகனார் வைணு பாப்பு.

அவர் 1927 ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கேரளத்துத் தலைச்சேரி. தந்தையார் ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வுக் கூடத்தில் பணியாற்றியமையால், தொலைநோக்கி அவருக்கு இளமைத் தோழனாயிற்று. மாணவப் பருவத்திலேயே ஒளி மாறும் விண்மீன்களைக் கண்காணித்துக் கட்டுரை எழுதினார்.

மேற்படிப்புக்காக அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றவர், 1949 ஜூலை 2-ஆம் நாள் தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டார். பேராசிரியர் போக், உடன் பயின்ற நியூகர்க் ஆகியோர் அதனை உறுதி செய்தனர். மூவர் பெயராலும் அது பாப்பு–போக்–நியூகர்க் வால்மீன் என வழங்கலாயிற்று. ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகளுக்கு முன் கோள்கள் உருவானபோது எஞ்சிய பனியும் தூசியுமே வால்மீன்கள் என்பர் இன்றைய அறிஞர். வீடு கட்டி முடித்தபின் புறத்தே கிடக்கும் செங்கல்லைக் கொண்டு வீட்டின் கட்டுமானத்தை அறிவது போல, வால்மீனைக் கொண்டு கோள்களின் பிறப்பை ஆராய்கின்றனர்.

பின்னர் வில்சன் என்னும் அறிஞருடன் இணைந்து, விண்மீனொளியில் கால்சியம் காட்டும் ஒரு கோட்டின் அகலத்துக்கும் அவ்விண்மீனின் உண்மையான பேரொளிக்கும் தொடர்பு உண்டு என்று கண்டறிந்தார். 1957-இல் வெளிவந்த அவ்வுண்மை வில்சன்–பாப்பு விளைவு என்று இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. ஒரு விண்மீன் எத்துணைத் தொலைவில் உள்ளது என்று கணிக்க அது துணைபுரிகிறது.

அயல்நாட்டிலேயே தங்கியிருப்பின் மிகப் பெரிய கருவிகள் அவர் கைக்கு எட்டியிருக்கும். எனினும் 1953-இல் தாயகம் மீண்டார். நைனித்தாலில் வானாய்வுக் கூடம் அமைக்கப் பாடுபட்டார். 1960-இல் கோடைக்கானல் ஆய்வுக் கூடத்தின் தலைமையை ஏற்றார். 1899-இல் நிறுவப்பட்ட அக்கூடம் ஞாயிற்று ஆய்வில் புகழ் பெற்றது. ஆனால் இரவு வானை ஆராய வேறிடம் தேவைப்பட்டது. பாப்பு தேடித் தெரிந்தெடுத்த இடம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர்.

பெங்களூரிலிருந்து சென்னை செல்லும் நம்மவர் சோலையார்பேட்டையையும் வாணியம்பாடியையும் பன்முறை கடந்திருப்போம். அவ்விருப்புப்பாதைக்குத் தெற்கே எழும் மலையில்தான் காவலூர் உள்ளது. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், தென்வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்து காணலாம். கோடைக்கானல் பட்டறையிலேயே செய்யப்பட்ட 38 செ.மீ. தொலைநோக்கியுடன் 1968-இல் அங்குப் பணி தொடங்கியது. 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது.

அதன் பயன் 1977 மார்ச் 10-ஆம் நாள் விளங்கிற்று. யுரேனசு என்னும் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னே செல்லும் அரிய நிகழ்ச்சியை உலகில் பலர் நோக்கியிருந்தனர். காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அவ்விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கக் கண்டனர். அறியப்படாத துணைக்கோள் ஒன்று மறைத்திருக்கலாம் என்று முதலில் எண்ணினர். வானூர்தியில் பறந்தவாறு நோக்கிய அமெரிக்கக் குழுவினர் கோளின் இருபுறமும் அத்தகைய மங்கல்களைப் பதிவு செய்திருந்தனர். இவற்றை ஒப்பிட்டபோது, யுரேனசைச் சுற்றி மெல்லிய வளையங்கள் உள்ளன என்னும் உண்மை வெளிப்பட்டது. சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்ற நெடுநாள் எண்ணம் அன்றே அகன்றது. காவலூரில் கருவி இல்லாதிருப்பின், அச்செய்தியை நாம் பிறர் வாயிலாகக் கேட்டு மகிழ்ந்திருப்போமேயன்றி, அதில் நமக்குப் பங்கிருந்திராது.

1971-இல் தன்னாட்சி பெற்ற இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர் பாப்புவே. 1975-இல் அதன் தலைமையகம் நம் பெங்களூருக்கு வந்தது. அதன்பின் அவர் மேற்கொண்ட பெருமுயற்சி 2.34 மீட்டர் தொலைநோக்கி. அதனை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்பது அவர் உறுதி. அதன் பெரிய ஆடி பெங்களூரிலேயே தேய்த்து மெருகிடப்பட்டது.

1979-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியர் ஒருவர் அப்பதவியை எய்தியது அதுவே முதன்முறை. 1982 ஆகஸ்டில் ஒன்றியத்தின் பேரவை கிரேக்க நாட்டில் கூடியது. அதற்குத் தலைமை தாங்க வேண்டியவர், ஆகஸ்டு 19-ஆம் நாள் செருமனியின் மியூனிக் நகரில் உயிர் நீத்தார். அப்போது அகவை 55. பெருந்தொலைநோக்கி நிறைவுறுவதைக் காண அவர் இல்லை.

ஆயினும் பணி நிற்கவில்லை. அவரிடம் பயின்றோரும் உடன் உழைத்தோரும் அதனை முடித்தனர். 1986 ஜனவரி 6-ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தபோது, தொலைநோக்கிக்கும் காவலூர்க் கூடத்துக்கும் வைணு பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது. 1988-இல் அங்கிருந்தே இராசமோகன் கண்ட சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுசனின் பெயர் இடப்பட்டது.

தொடக்கத்தில் கூறிய வினா என்னவாயிற்று? 2014-இல் சிலி நாட்டின் வானலைத் தொலைநோக்கிகள், இளம் விண்மீன் ஒன்றைச் சுற்றித் தூசித் தட்டு சுழல்வதையும், கோள்கள் பிறக்கும் அறிகுறி போல அதில் இடைவெளிகள் அமைந்திருப்பதையும் படமெடுத்துக் காட்டின. காண்ட்டும் லாப்லாசும் மனத்தால் கண்ட முகில், பல திருத்தங்களுடன், இன்று கண்ணுக்குப் புலனாகியுள்ளது. தீர்ப்பளித்தது மீண்டும் கண்ணே.

அடுத்த முறை வாணியம்பாடியைக் கடக்கும்போது, தெற்கே உயர்ந்த மலையை நம் சிறார்க்குக் காட்டுவோம். ஒருவர் தாம் காணப்போகாத ஆடிக்காக உழைத்தார் என்பதையும் உடன் சொல்லுவோம்.