மணலில் எழுத்துக் கற்ற மிஷனெரி

தமிழகத்தில் நற்செய்தி முதன்முதலில் எப்பொழுது ஒலித்தது என்னும் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. அப்போஸ்தலனாகிய தோமா மயிலாப்பூரில் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வரும் பாரம்பரியம். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்து கடலோர மக்களிடையே உழைத்தார். அவர் வழிவந்த அண்டிரிக்கு அடிகளாரின் முயற்சியால் 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்துக்களில் நூல் அச்சேறியது. இவ்வாறு பலர் உழுத நிலத்தில், 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் நாள், ஏறத்தாழ இருபத்து நான்கு வயதுடைய ஓர் இளைஞர் தரங்கம்பாடிக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். இந்தியாவில் புராட்டஸ்டண்ட் அருட்பணி அவரோடு தொடங்கியது. அவரே பர்த்தொலொமேயு சீகன்பால்க்.

அழைப்பு

சீகன்பால்க் 1682-ல் ஜெர்மனியின் சாக்சனி நாட்டிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தானிய வியாபாரி. சிறு வயதிலேயே தாயையும், பின்பு தந்தையையும் இழந்து, மூத்த சகோதரியின் ஆதரவில் வளர்ந்தார். மரணப் படுக்கையில் கிடந்த தாய், வேதாகமத்தையே தன் பிள்ளைகளுக்குச் செல்வமாக விட்டுச் செல்வதாகச் சொன்னாள் என்பர். அவருக்குச் சரீர சுகம் குறைவு. நோயினால் அவர் கல்வி பலமுறை தடைப்பட்டது. ஆயினும் ஹாலே நகரில் பேராசிரியர் பிராங்கே நடத்திய கல்விச்சாலை அவருடைய வாழ்வின் திசையை மாற்றியது. அனாதை இல்லமும் பள்ளிகளும் ஜெபமும் அங்கே ஒன்றாக இணைந்திருந்தன. விசுவாசம் என்பது கைகளால் செய்யப்படும் வேலையாகவும் இருக்க வேண்டும் என்பதை அவர் அங்கு கண்ணாரக் கண்டார்.

அக்காலத்தில் தரங்கம்பாடி டென்மார்க்கு வணிகக் கம்பெனியின் ஆளுகையில் இருந்தது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடமிருந்து டேனியர் பெற்ற சிறு துறைமுகம் அது. அங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டி, எண்பத்தாறு ஆண்டுகளாக மிளகும் துணியும் வாங்கி விற்றார்கள். சுற்றியிருந்த மக்களுக்கு நற்செய்தி அறிவிக்க வேண்டும் என்ற பாரம் அவர்களுக்கு இல்லை. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக் மிஷனெரிகளை அனுப்ப விரும்பியபோது, தம் நாட்டில் ஆள் கிடைக்காமல் ஜெர்மனியில் தேட நேர்ந்தது. சீகன்பால்கும் அவருடைய தோழர் ஹென்ரிக் புளுட்சோவும் தெரிந்தெடுக்கப்பட்டு, கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1705 நவம்பர் இறுதியில் சோபியா ஹெட்விக் என்னும் கப்பலில் புறப்பட்டனர்.

மணலே பலகை

ஏழு மாதப் பயணம் முடிந்து வந்தவர்களை வரவேற்க எவரும் இல்லை. கோட்டை அதிகாரி ஹாசியஸ் அவர்களைச் சந்தேகத்தோடு நோக்கினார். மன்னரின் கட்டளையோடு வந்திருந்தும் தங்க இடமின்றித் தெருவில் நிற்கும் நிலை அவர்களுக்கு உண்டாயிற்று. நற்செய்திக்கு முதல் தடை தமிழ் மக்களிடமிருந்து வரவில்லை, ஞானஸ்நானம் பெற்ற ஐரோப்பியரிடமிருந்தே வந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

துறைமுகத்தில் போர்ச்சுக்கீசிய மொழி பரவலாக வழங்கியதால், புளுட்சோ அதைக் கற்றார். சீகன்பால்க் தமிழைத் தெரிந்துகொண்டார். எழுபது வயது மதிக்கத்தக்க திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை, அவருடைய மாணவர்களோடு தம் வீட்டிலேயே பள்ளியை நடத்தும்படி கேட்டுக்கொண்டார். சிறு பிள்ளைகளின் நடுவே தரையில் அமர்ந்து, விரலால் மணலில் அகரம் முதலாக எழுதிப் பழகினார். இறையியல் பயின்ற குருவானவர் ஒருவர் அரிச்சுவடி படிக்கும் பிள்ளைகளோடு பிள்ளையாக அமர்ந்த காட்சியை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் அவருடைய முதல் பிரசங்கம் அதுவே எனலாம்.

பல மொழிகள் அறிந்த அழகப்பன் என்பவர் அவருக்குத் துபாஷியாக உதவினார். நாள்தோறும் பல மணி நேரம் ஓலைச்சுவடிகளைப் பிறர் வாசிக்கக் கேட்டும் தாமே வாசித்தும் வந்ததால், இரண்டே ஆண்டுகளில் தமிழிலேயே பேசவும் பிரசங்கிக்கவும் தேர்ந்தார். 1708-ல் தாம் சேகரித்த ஓலைச்சுவடிகளுக்கு அவர் எழுதிய விளக்கப் பட்டியலில், தமிழர் இயற்றிய 119 நூல்கள் இடம்பெற்றுள்ளன. அதே ஆண்டில் கொன்றை வேந்தன், உலக நீதி, நீதி வெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் ஆக்கினார். இம்மக்கள் அறிவும் ஒழுக்கமும் அற்றவர்கள் என்று ஐரோப்பாவில் எண்ணியிருந்த தாம் தவறாக எண்ணிவிட்டதாகத் தம் தாயகத்தாருக்கு அவர் மறைக்காமல் எழுதினார்.

பின்னர் அவரும் உடன் ஊழியர் குருண்ட்லரும் தமிழ் அறிஞர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் சமயத்தையும் வாழ்வையும் பற்றி அவர்களே எழுதிய 99 மறுமொழிக் கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினர். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் அவர் எழுதி முடித்த பெருநூலை மட்டும் ஹாலே வெளியிடவில்லை. அது அச்சேற 1867 வரை காத்திருக்க நேர்ந்தது. கேட்கப் பொறுமை உள்ளவனே சொல்லத் தகுதி உடையவன் என்பதை அவர் அறிந்திருந்தார். அனுப்பியவர்கள் அதை அறிய நெடுங்காலம் சென்றது.

முதற்சபை

1707 மே மாதத்தில் முதல் ஞானஸ்நானம் நடைபெற்றது. அதைப் பெற்ற ஐவரும் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாய் இருந்தவர்கள். கொரிந்து, ரோமாபுரி முதலிய ஆதிச் சபைகளிலும் அடிமைகள் இருந்ததை இந்நிகழ்ச்சி நமக்கு நினைவூட்டுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் புதிய எருசலேம் என்னும் சிற்றாலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அடுத்த மாதம் தமிழர் சிலர் சபையில் சேர்ந்தனர். சபையோடு பள்ளிகளும் தோன்றின. ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் இலவசமாகக் கிடைத்தன. பெண் பிள்ளைகளும் எழுத்தறிவு பெற்றனர். எனினும், சமுதாயத்திலிருந்த சாதி வேற்றுமை சபையின் வாசலோடு நின்றுவிடவில்லை. உள்ளேயும் வந்தது. பின்வந்த தலைமுறைகளும் தீர்க்காமல் விட்ட குறை அது.

1708 அக்டோபரில் சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். தமிழ் விதவை ஒருத்தியின் கடன் வழக்கில் அவள் சார்பாக நியாயம் கேட்டதே ஹாசியஸின் கோபத்துக்குக் காரணம். வெயில் கொளுத்தும் சிற்றறையில் நான்கு மாதங்கள் அடைபட்டிருந்தார். விடுதலையான பின் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து 1711 மார்ச்சில் முடித்தார்.

அச்சகம் வந்த வழியும் எளியதன்று. இலண்டனிலுள்ள கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அனுப்பிய அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். உடன் வந்த அச்சுத் தொழிலாளர் வழியிலேயே மரித்தார். இயந்திரம் மட்டும் 1712-ல் கரை சேர்ந்தது. மறு ஆண்டு ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துக்கள் வந்தன. அவை பெரியவை, தாளோ குறைவு. ஆகவே சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்தனர். 1714-ல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலருடைய நடபடிகளும், 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தன. இந்திய மொழி ஒன்றில் முதன்முதலாக அச்சான புதிய ஏற்பாடு அதுவே.

தொலைவிலிருந்து வந்த கண்டனம்

1714-ல் சீகன்பால்க் ஐரோப்பா சென்றார். வழியில் மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரின் துணையோடு இலத்தீனில் தமிழ் இலக்கணம் எழுதினார். அது 1716-ல் ஹாலேயில் அச்சாயிற்று. மரியா டொரோத்தேயாவை மணந்து அதே ஆண்டு திரும்பி வந்து, பெருகி வந்த சபைக்காகப் புதிய ஆலயம் ஒன்றைக் கட்டினார். 1718 அக்டோபரில் பிரதிஷ்டையான அவ்வாலயம் தரங்கம்பாடி இராஜ வீதியில் இன்றும் நிற்கிறது.

அந்நாட்களில்தான் கோபன்ஹேகனிலிருந்த மிஷன் நிர்வாகக் குழுவின் செயலாளர் வெண்ட் கடுமையாக எழுதலானார். அப்போஸ்தலர்கள் கட்டடங்கள் கட்டவில்லை, பள்ளிகள் நடத்தவில்லை, பணம் கேட்கவில்லை என்பது அவர் வாதம். மிஷனெரி ஊர் ஊராய் நடந்து வசனத்தை மட்டும் அறிவித்தால் போதும் என்றார். நோயினால் நலிந்திருந்த சீகன்பால்கின் கடைசி நாட்களில் இக்கண்டனம் அவரை வாட்டியது. வெளியாரின் சிறையைத் தாங்கியவர் தம்மை அனுப்பியவர்களின் சொல்லால் காயப்பட்டார்.

ஆதிச் சபையைச் சான்று காட்டியே அவரைக் குற்றப்படுத்தினார்கள். ஆனால் ஆதிச் சபை உண்மையில் என்ன செய்தது? எருசலேமில் விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படாமற் போனபோது, அதற்கென்றே எழுவரைத் தெரிந்தெடுத்தது. பஞ்சம் வந்தபோது அந்தியோகியா சபை யூதேயாவுக்கு உதவி அனுப்பியது. ஆத்துமாவுக்குச் செய்யும் ஊழியத்தையும் சரீரத்துக்குச் செய்யும் ஊழியத்தையும் பிரிக்க முடியாது என்பதே சீகன்பால்கின் உறுதி. பசித்த பிள்ளைக்குச் சோறும், எழுத்தறியாத பெண்ணுக்குக் கல்வியும், நீதி கிடைக்காத விதவைக்காகச் சிறையும் அவருடைய பிரசங்கத்தின் பகுதிகள்.

1719 பிப்ரவரி 23-ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தாம் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம் வரையே மொழிபெயர்த்திருந்தார். பதின்மூன்று ஆண்டு உழைப்பின் பலனாகச் சபையில் இருந்தவர்கள் சில நூறு பேர் மட்டுமே.

விதை முளைத்தது

சிறு எண்ணிக்கை என்று அன்று சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் அவர் விட்ட இடத்திலிருந்து சூல்ட்சே வேதாகம மொழிபெயர்ப்பை நிறைவேற்றினார். 1733-ல் ஆரோன் இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் இந்தியப் போதகராக அபிஷேகம் பெற்றுக் கிராமம் கிராமமாகச் சென்றார். தஞ்சையிலும் திருச்சியிலும் சுவார்ட்ஸ் உழைத்தார். தரங்கம்பாடியின் வழிவந்த சபைகள் 1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக உருவெடுத்தன.

தமிழர் சென்ற இடமெல்லாம் தமிழ் வேதாகமமும் சென்றது. 1809-ல் பெங்களூரில் படைமுகாம் அமைந்தபோது, அங்கே குடியேறிய தமிழரோடு தமிழ் ஆராதனையும் குடியேறியது. இன்று அந்நகரின் ஈஜிபுராவில், கன்னடம் ஒலிக்கும் தெருவிலுள்ள வீட்டில் ஒரு தமிழ்த்தாய் மாலை ஜெபத்துக்காக வேதாகமத்தைத் திறக்கும்போது, மணலில் எழுதிய அந்த விரலின் பலனை அவள் கையில் ஏந்துகிறாள்.

அன்பானவர்களே, நாம் ஊழியங்களைத் தாங்குகிறோம், காணிக்கை அனுப்புகிறோம், அறிக்கைகளை வாசிக்கிறோம். தொலைவில் அறியாத மொழியைக் கற்றுக்கொண்டிருக்கும் ஊழியர் ஒருவரிடம், இத்தனை மாதங்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்கும்முன் சற்று நிற்போம். அவர் இன்னும் மணலில் எழுதிக்கொண்டிருக்கலாம். நம் கடிதம் அவரைத் தாங்குமா, தளர்த்துமா? நம் அண்டை வீட்டாரின் மொழியையும் மனத்தையும் அறிய நாமே எத்தனை நாள் செலவிட்டோம்? இக்கேள்விகளோடு கர்த்தருடைய சமுகத்தில் அமர்ந்திருப்போம். கற்றுக்கொள்ளும் தாழ்மையை அவர் நமக்கும் அருள்வாராக.