சிறைக்குப் போகத் தயாரான ருக்மாபாய்: ‘சேர்ந்து வாழ’ வழக்கு உங்களுக்குச் சொல்வது என்ன?

உங்களுக்கோ, உங்கள் தோழிக்கோ குடும்பநல நீதிமன்றத்திலிருந்து ஒரு சம்மன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்துப் பார்த்தால் அது விவாகரத்து மனு இல்லை. பிரிந்துபோன துணையை மறுபடி சேர்ந்து வாழ உத்தரவிடச் சொல்லும் மனு. கோர்ட் வட்டாரத்தில் இதை ‘சேர்ந்து வாழ கேஸ்’ என்பார்கள்.

இதே மாதிரி ஒரு வழக்கை 1884இல் சந்தித்தார் மும்பையைச் சேர்ந்த ருக்மாபாய். அப்போது அவருக்கு வயது 19.

யார் இந்த ருக்மாபாய்?

1864இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தார். அம்மா ஜெயந்திபாய், பிறகு டாக்டர் சகாராம் அர்ஜுன் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். ருக்மாபாய்க்கு 11 வயதானபோது, 19 வயது தாதாஜி பிகாஜியுடன் கல்யாணம் நடந்தது. ஆனாலும் அவர் கணவர் வீட்டுக்குப் போகவில்லை. அம்மா வீட்டிலேயே இருந்து படித்தார்.

வருடங்கள் ஓடின. மனைவி தன்னோடு வந்து வாழ வேண்டும் என்று தாதாஜி பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். விவரம் தெரியாத வயதில் நடந்த கல்யாணம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்பதுதான் ருக்மாபாயின் நிலைப்பாடு.

1885இல் நீதிபதி பின்ஹே அவர் பக்கம் தீர்ப்பளித்தார். இருவரும் ஒருநாள்கூடச் சேர்ந்து வாழாதபோது, மீட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். மேல்முறையீட்டில் வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பியது. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன் நேர்மாறாக உத்தரவிட்டார்: கணவரிடம் போக வேண்டும், இல்லையென்றால் 6 மாதம் சிறை. ருக்மாபாய் சிறையைத் தேர்ந்தெடுத்தார்.

ஆனால் சிறைக்குப் போகும் நிலை வரவில்லை. 1888இல் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு தாதாஜி தன் உரிமையைக் கைவிட்டார். கவனியுங்கள், இது சமரசம்தான், விவாகரத்து இல்லை. அவர் கேட்டு வாங்கும்படியான விவாகரத்துச் சட்டமே அன்று இல்லை.

அடுத்து ருக்மாபாய் லண்டனுக்குப் போய் மருத்துவம் படித்தார். 1890களின் நடுவில் திரும்பி வந்து சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல வருடங்கள் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். சம்மத வயதை 10இலிருந்து 12ஆக உயர்த்திய 1891ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு, அவர் வழக்கு கிளப்பிய விவாதமும் ஒரு காரணம்.

இன்று சட்டம் என்ன சொல்கிறது?

அந்த ‘சேர்ந்து வாழ’ மனு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, இந்து திருமணச் சட்டத்தின் 9ஆவது பிரிவாக. 1984இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆனால் இதை மீறினால் சிறை கிடையாது. சொத்தை ஜப்தி செய்ய மட்டும் வழி இருக்கிறது.

அப்போ சம்மனைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. நீங்கள் ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி உத்தரவு வரலாம். உத்தரவு வந்தும் ஒரு வருடம் சேர்ந்து வாழவில்லை என்றால், அதையே காரணமாகக் காட்டி இருவரில் யார் வேண்டுமானாலும் விவாகரத்துக் கேட்கலாம். பிரிந்து வாழ நியாயமான காரணம் இருந்தால், அதை எழுத்துப்பூர்வமாகப் பதில் மனுவில் சொல்ல வேண்டியது முக்கியம்.

இருவருக்குமே பிரிய விருப்பம் என்றால் 13பி பிரிவு இருக்கிறது. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு 6 மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த வழக்குகளில் அந்த 6 மாதத்தை நீதிமன்றமே தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவருக்கு மட்டும்தான் விருப்பம் என்றால், கொடுமை, 2 வருடம் கைவிட்டுப் போனது போன்ற காரணங்களை நிரூபிக்க வேண்டும். வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம்.

இன்னொரு விஷயம். 15 வயதுக்குள் கல்யாணம் செய்து வைக்கப்பட்ட பெண், 15க்கும் 18க்கும் இடையில் அதை ஏற்க மறுத்திருந்தால், அதுவே விவாகரத்துக்குக் காரணமாகும். 1976இல் வந்த திருத்தம் இது. ருக்மாபாய் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

இந்து திருமணச் சட்டம் அமலுக்கு வந்தது 1955 மே 18. அதே வருடம் செப்டம்பர் 25 அன்று, 90 வயதில் ருக்மாபாய் காலமானார். அவர் 19 வயதில் தேடிய கதவு நாடு முழுக்கத் திறந்தபோது, அவருக்கு மிச்சமிருந்தது 4 மாதம். உங்களுக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. சம்மன் வந்தால் பயப்படாதீர்கள். தேதியைக் குறித்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கட்டணம் கட்ட வசதியில்லையா? பெண்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே உதவி கிடைக்கும்.