கறிவேப்பிலைக்குள் ஒரு டாக்டர்!

அவியலோ, தீயலோ... கறிவேப்பிலை இல்லாமல் நாஞ்சில் நாட்டுச் சமையல் உண்டா? அந்த இலையின் அறிவியல் பெயரில் ஒரு டாக்டர் ஒளிந்திருக்கிறார், தெரியுமா குட்டீஸ்? அவர்தான் ஜோஹன் கெர்ஹார்டு கோனிக்.

இன்று லாத்வியா எனப்படும் நாட்டில் 1728ல் பிறந்தவர் கோனிக். ஸ்வீடன் சென்று, உப்சாலா பல்கலைக்கழகத்தில் கார்ல் லின்னேயசின் மாணவரானார்.

லின்னேயஸ் யார்? உயிரினங்களைத் தாவரங்கள், விலங்குகள் என இரண்டு பெரும் பிரிவுகளாக்கி, பிறகு வகுப்பு, வரிசை, பேரினம், சிற்றினம் எனப் படிப்படியாகப் பிரித்தவர். (இன்று காளான், பாக்டீரியா ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பிரிவுகள் வந்துவிட்டன.) தாவரங்களை அவர் 24 வகுப்புகளாக்கினார். அதற்கு முக்கியமாக எண்ணிப் பார்த்தது, பூவில் உள்ள மகரந்தத்தாள்களை! ஒரு தாள் இருந்தால் முதல் வகுப்பு. பத்து இருந்தால் பத்தாம் வகுப்பு. நல்லவேளை, இதில் பாஸ், பெயில் கிடையாது!

இந்த வித்தையோடு 1768ல், டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து சேர்ந்தார் கோனிக். நோயாளிகளைக் கவனித்த நேரம் போக, செடி தேடி அலைவதே அவர் வேலை. கிடைத்ததைக் காகிதத்துக்கு நடுவே வைத்து உலர்த்தி, ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ஆனால் ஊர் சுற்றச் சம்பளம் போதவில்லை. அதனால் 1774ல் ஆற்காடு நவாபிடம் பணிக்குச் சேர்ந்தார். 1778ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை ஏற்றுக்கொண்டது. சயாம், மலாக்கா வரை போய் வந்தார்.

மாணவரின் உழைப்பை மெச்சிய லின்னேயஸ், கறிவேப்பிலையின் பெயரில் 'கோனிகி' என்ற சொல்லைச் சேர்த்தார். பேரினப் பெயரை முரயா என்றும் பெர்கெரா என்றும் பின்னால் வந்தவர்கள் மாற்றினாலும், கோனிகி நிலைத்துவிட்டது.

1785ல் காக்கிநாடா அருகே வயிற்றுக்கடுப்பு நோயால் இறந்தார் கோனிக். வயது 57கூட இருக்காது. அருகிலிருந்து வைத்தியம் பார்த்தவர், பிற்காலத்தில் புகழ்பெற்ற தாவரவியல் அறிஞர் வில்லியம் ராக்ஸ்பர்க். கோனிக்கின் குறிப்புகள் லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸ் என்ற அறிஞருக்குப் போய்ச் சேர்ந்தன.

சரி, குருவின் கணக்கு சரியா? கறிவேப்பிலைப் பூவில் பத்து மகரந்தத்தாள்கள். வேப்பம்பூவிலும் பத்து. எனவே இரண்டும் ஒரே வகுப்பு! எலுமிச்சைப் பூவில் நிறையத் தாள்கள் உண்டு. அது வேறு வகுப்புக்குப் போய்விட்டது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் உறவுகள் பிரிந்துவிடும் என்பது லின்னேயசுக்கும் தெரிந்தே இருந்தது. பின்னால் வந்தவர்கள் இலை, பூ, காய், விதை என எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள். இப்போது கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் ரூட்டேசி குடும்பம். பெயரில் வேம்பு இருந்தாலும், வேப்பமரம் மீலியேசி குடும்பம். கறிவேப்பிலைக்குத் தூரத்துச் சொந்தம்தான்!

சந்தேகமா? கறிவேப்பிலை ஒன்றை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். வாசனை வருவது அங்கிருந்துதான். எலுமிச்சை இலையிலும் அதே புள்ளிகள் இருக்கும். அப்படியே ஒரு வேப்பிலையையும் பிடித்துப் பாருங்கள், இருக்கிறதா என்று!