கணக்குப் பார்த்த நர்சம்மா

மே 12-ந் தேதி நர்சுகள் தினம். அது பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாள். இங்கிலாந்துச் செல்வந்தர் ஒருவரின் மகளாக 1820-ல் இத்தாலியில் பிறந்தவர். வீட்டார் எதிர்ப்பை மீறி நர்சு வேலை கற்றார்.

1854-ல் கிரிமியா யுத்தத்தின்போது 38 நர்சுகளுடன் துருக்கியிலிருந்த ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். இரவில் கைவிளக்குடன் கட்டில் கட்டிலாக நோயாளிகளைப் பார்த்து வந்தார். இது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, கூடியது. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் மடிந்தனர். பெரும்பாலும் குண்டடியால் அல்ல. காலரா, பேதி, ஜுரம். கட்டடத்துக்கு அடியிலேயே சாக்கடை அடைத்துக் கிடந்தது. மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு அதைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கும் வழி செய்தது. ஜூனில் சாவு நூற்றுக்கு 2 ஆயிற்று.

ஊர் திரும்பி, புள்ளிவிவர நிபுணர் வில்லியம் பாருடன் கணக்குப் பார்த்தபோதுதான் அம்மையாருக்கு இது முழுதாக உறைத்தது. தாம் கண்விழித்துக் காத்த ஆஸ்பத்திரியே ஆட்களைக் கொன்றிருக்கிறது! வேறொருவராயிருந்தால் மூடி மறைத்திருப்பார். அவரோ அந்தக் கணக்கை வரைபடமாகப் போட்டு வெளியிட்டார்.

நர்சு அடிக்கடி கை கழுவ வேண்டும், அறையில் நல்ல காற்று வேண்டும் என்று புத்தகம் எழுதினார். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சுப் பள்ளி தொடங்கினார்.

இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனாலும் இங்குள்ள பட்டாள முகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, குடிதண்ணீர், வடிகால் விவரங்களைத் திரட்டினார். வெள்ளைச் சிப்பாய்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாவதை 1863-ல் வந்த அறிக்கை காட்டிற்று.

1910 ஆகஸ்டு 13-ல், 90-வது வயதில் காலமானார். கிராமத்துக் கல்லறையில் முழுப் பெயர்கூட இல்லை. இரண்டு முதலெழுத்துக்களும் தேதிகளும்தான்.